பிள்ளையை வார்டில் சேர்க்கணும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வயது. அங்கன்வாடி அக்கா மேல்கையில் நிறம் போட்ட அளவு நாடா சுற்றிப் பார்த்தார்கள். 11 சென்டிமீட்டர்தான், சிவப்பில் நின்றது. 11.5-க்குக் கீழே போனாலே கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடாம். அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது, இரண்டு முடிச்சு கூடப் போட்டிருக்கிறார்கள். நேற்று பாதத்தை அழுத்தினேன், விரல் பதிந்த குழி மேலே வரவே இல்லை. சத்துக் குறைவால் வந்த அந்த நீர் வீக்கத்தைப் பார்த்து "சதை போட்டிருக்கு" என்று பாட்டி சந்தோஷப்பட்டதுதான் மனதை அறுக்கிறது.

டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார். அம்மா தயங்குகிறாள். குறுவை நடவு நேரம், கூலி போகும், மூத்தவளைப் பார்க்க ஆளில்லை. "வீட்டிலேயே நிறைய ஊட்டிவிடுறேன் அக்கா" என்கிறாள். பட்டினியில் வாடிய உடம்புக்குத் திடீரென அதிகம் கொடுத்தால் ஆபத்து, ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துத்தான் தேற்றுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பாதிதான் நம்பினாள்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு ஆஸ்பத்திரியில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் (சத்துக் குறைந்த பிள்ளைகளைச் சேர்த்துத் தேற்றும் வார்டு) பிள்ளையோடு தங்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? கூட இருக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு, தினப்படிப் பணம் ஏதாவது கிடைத்ததா? மூத்த பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள விட்டார்களா?

அப்புறம், அந்தப் பாட்டியும் 32 கிலோதான், எழுந்தால் தலைசுற்றல். பெரியவர்களை எந்த வார்டில் காட்டுவது? முடிந்தால் பிள்ளையின் அம்மாவிடமே போனில் பேசுங்கள். வியாழக்கிழமை காலை கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.