கேஜ் கிளாஸில் தண்ணீர் அசையவே இல்லை

(பாய்லர் ஓட்டுகிற மூன்று பேர் தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்கிறார்கள். துவாஸும் ஜூரோங் தீவும் சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதிகள்.)

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
உணவுத் தொழிற்சாலை. நீராவி உண்டாக்கும் ஃபயர் டியூப் பாய்லர், மூன்று பாஸ் (சூடான புகை மூன்று முறை கடந்து போகும்), அழுத்தம் 8 பார். விடிகாலை நாலு மணி. கேஜ் கிளாஸில், அதாவது பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில், பாதிக்கு மேலே தண்ணீர் இருந்தது. லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அப்புறம்தான் உறைத்தது, மட்டம் அசையவே இல்லை. கொதிக்கிற பாய்லரில் அது எப்போதும் லேசாகத் துள்ளிக்கொண்டிருக்கும். அன்று கோடு கிழித்த மாதிரி நின்றது. கிளாஸுக்கு மேலிருந்து நீராவி வரும் வால்வை மூடி, கீழிருந்து தண்ணீர் வரும் வால்வை மட்டும் திறந்து வைத்து வடித்தேன். கிளாஸில் நின்றது வடிந்தது, பிறகு இரண்டு சொட்டு, அவ்வளவுதான். கீழ்வழி சேறு அடைத்துவிட்டது. மேலிருந்து வந்த நீராவி குளிர்ந்து சேர்ந்த தண்ணீரைத்தான் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன். உள்ளே எவ்வளவு மிச்சம், தெரியாது. பதறி, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். கூட இருந்த பெரியவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தம்பி, முதல்ல நெருப்பை நிறுத்து." பழுக்கக் காய்ந்த ஃபர்னஸ் (நெருப்பு எரியும் பெரிய குழாய்) மேல் அந்தத் தண்ணீர் பட்டிருந்தால்? ஆறு வருடம் ஆகிறது, அந்தப் பிடி இன்னும் மறக்கவில்லை.

ஜூரோங் தீவு:
ஃபயர் டியூபில் குழாய்க்குள் புகை, சுற்றிலும் டன் கணக்கில் தண்ணீர். யோசிக்க நேரம் கிடைக்கும். எங்கள் வாட்டர் டியூபில் தண்ணீர் குழாய்க்குள், நெருப்பு வெளியே, இருப்பு கொஞ்சம்தான். ஒருநாள் பிளாண்ட் திடீரென்று நீராவியை இழுத்தது. அழுத்தம் இறங்கியதும் டிரம்மில் (தண்ணீரும் நீராவியும் பிரியும் மேல் உருளை) குமிழிகள் ஊதி மட்டம் ஏறியது. தண்ணீர் கூடிவிட்டது என்று ஃபீடை, அதாவது உள்ளே ஏற்றும் தண்ணீரை, குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் மட்டம் சரிந்து பாய்லர் டிரிப், தானாக நின்றுவிட்டது. ஆக, அசைகிற மட்டத்தையும் நம்ப முடியாது.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ஷிஃப்ட் ஏறியதும் கிளாஸை வடியுங்கள், ஒப்படைக்கிறவர் கண்முன்னேயே. தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்தும் லோ வாட்டர் கட் ஆஃப் இருக்கிறதே என்று விடாதீர்கள். அதன் மிதவை அறையிலும் அதே சேறு படியும். அதையும் வடித்து, பர்னர் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு போடுகிறார்களா, அடியில் படியும் சேற்றை வெளியேற்றும் அடிப்புற புளோடவுன் தவறாமல் நடக்கிறதா என்று கேளுங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். நடுவில் உள்ள நாளெல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும்.

லாண்டரி பாய்லர்:
ஃபயர் டியூபில் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. எங்களுடையதும் ஃபயர் டியூப்தான். தண்ணீர் குறைந்தும் கட் ஆஃப் வேலை செய்யவில்லை, பர்னர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறவிட்டு மறுநாள் உள்ளே டார்ச் அடித்தால், ஃபர்னஸின் மேல்முதுகு அதிகச் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. விரலால் தடவினேன், பள்ளம் தட்டியது. இத்தனையும் நான் டீ குடிக்கப் போய் வந்த நேரத்துக்குள் நடந்தது.