மறு: ‘ஜட்ஜிங் – பெர்சீவிங்’ தமிழில்: ‘தீர்ப்பாளர்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

பணியாளர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை புதுச்சேரியில் என் கைக்கு வந்திருக்கிறது. ஒருவரின் இயல்பை நான்கு எதிரெதிர் இரட்டைகளில் வகைப்படுத்தும் மையர்ஸ்–பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை அதில் வருகிறது. அதன் நான்காம் இரட்டையான ‘ஜட்ஜிங் – பெர்சீவிங்’கில் மாட்டிக்கொண்டேன், தமிழில் ஓர் இணை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். முன்கூட்டியே திட்டம் போட்டு வேலையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்பவர் ஜட்ஜிங் பக்கம், போகிற போக்கில் பார்த்துச் செய்பவர் பெர்சீவிங் பக்கம். நேற்று உங்களிடமிருந்து வந்த இணைகள் இவை:

> தீர்ப்பாளர் × புலனுணர்வாளர்
> ஒழுங்கர் × தன்போக்கர்
> துணிநாட்டம் × எண்ணநாட்டம்

முதல் இணை அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தது, பார்த்தாலே தெரிகிறது. ‘தீர்ப்பாளர்’ என்றதும் அடுத்தவரைக் குறை சொல்லும் ஆள்தான் கண்முன் வருகிறார். ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. சொல் வந்த வழி அப்படி. உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் ஆளுமை வகைகளைப் பற்றி எழுதியபோது, சிந்தனையையும் உணர்வு வழி மதிப்பீட்டையும் ஒரு பக்கம் வைத்தார். புலனறிவையும் உள்ளுணர்வையும் மறுபக்கம் வைத்தார். முன்னவை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருபவை, பின்னவை வருவதை வாங்கிக்கொள்பவை. காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் பிற்பாடு இதிலிருந்து தனி இரட்டை ஒன்றைப் பிரித்தார்கள். வெளியுலகத்தோடு பழகும்போது ஒருவர் இந்த இரண்டில் எதை முன்னே நிறுத்துகிறார் என்பதுதான் அது. அடுத்தவரைப் பற்றிய தீர்ப்புக்கு இங்கே வேலையே இல்லை.

‘ஒழுங்கர்’ என்பதில் பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழ் வாசனை அடிக்கிறது. ஒருவரை ஒழுங்கர் என்றால் எதிரில் இருப்பவர் தானாகவே ஒழுங்கீனர் ஆகிவிடுவார். என்னைத் ‘தன்போக்கர்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வகுப்பிலிருந்து எழுந்து போய்விடுவேன். அதையும் தன்போக்கு என்பார்கள்.

மூன்றாவது இணை எனக்குப் பிடித்திருந்தது. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற 467-ஆம் குறளிலிருந்து எடுத்தது. அங்கே துணிதல் என்றால் முடிவெடுத்தல். ஆனால் இன்றைக்குத் துணிவு என்றால் தைரியம்தான். ‘துணிநாட்டம்’ என்று மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே” என்றாள். அத்தோடு அது போயிற்று.

இன்னொன்றும் உண்டு. -ஆளர், -அர் என்று ஆளைக் குறிக்கும் விகுதி எதுவும் வேண்டாம். இந்தச் சோதனையில் பெரும்பாலோரின் மதிப்பெண் நடுவில்தான் குவிகிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுபவர்களும் உண்டு. இந்தச் சோதனைமீது உளவியலாளர்கள் வைக்கும் பெரிய குறையே அதுதான். அதனால் ‘நாட்டம்’ என்பதே சரி. தொழிலும் ஆளை மாற்றும். எங்கள் கடலூர் விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் தேதி போட்டு நடக்கும். அவர்களேதான் மற்ற மாதங்களில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் திசை மாற்றுகிறார்கள்.

சரி, என் இணைக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மனைவி முதல்நாளே காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள்: வஞ்சிரம் ஒன்றரைக் கிலோ, இஞ்சி, எலுமிச்சை நாலு, ஏழு மணிக்குள். ‘ஏழு மணிக்குள்’ என்பதன் அடியில் இரண்டு கோடு. முதுநகர் துறைமுகத்தில் கூடையைக் கொட்டியதும் துள்ளிய சங்கராவைப் பார்த்தேன். கண் செவுள் எல்லாம் அவ்வளவு தெளிவு. தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தால் வஞ்சிரத் துண்டுக்கு அளந்து அரைத்த வறுவல் மசாலா அம்மிக்குப் பக்கத்தில் தயார். “பார்த்துக்கலாம்” என்றேன். “நீங்க பார்த்துக்கிட்டேதான் இருப்பீங்க. முடிக்கிறது நான்” என்றாள்.

அடுப்படியில் நின்றபடியே எழுதி வைத்துக்கொண்டேன்: முடித்தல் நாட்டம், பார்த்தல் நாட்டம்.

(வேலைக்காகத் தினமும் புதுச்சேரியில் டச்சுக்காரர்கள் 1690-களில் கட்டம் போட்ட தெருக்களில்தான் நடக்கிறேன். கோடு போட்ட தெரு ஆளை மாற்றாது போலிருக்கிறது.)

மூத்த உறுப்பினர் ஒருவரின் மறுமொழி:

தம்பி, கதை நன்றாயிருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. முடித்தல் என்றால் வேலையை நிறைவேற்றுதல் அல்லவா? கடைசி இரவு உட்கார்ந்து எழுதினாலும் மறுநாள் காலையில் கட்டுரையை ஒப்படைத்துவிடுகிறவனும் முடிக்கத்தானே செய்கிறான்? ‘பார்த்தல்’ வெறும் பேச்சு வழக்கு, கலைச்சொல்லுக்கு உரிய கனம் இல்லை. ‘நோக்கல்’ என்று வைக்கலாமே.

என் பதில்:

ஐயா, முதல் கேள்வி நியாயமானது. இரண்டு நாள் யோசித்தேன். “பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்களா?” “முடிச்சிட்டாங்களே, தையில கல்யாணம்.” இங்கே கல்யாணம் நடக்கவில்லை, பேச்சுதான் உறுதியாகியிருக்கிறது. மனை முடிப்பதும் விலை முடிப்பதும் அப்படியே. பத்திரம் பதிவாகாமலே ‘இடம் முடிஞ்சாச்சு’ என்கிறோம். இனி வேறு இடம் பார்ப்பதில்லை என்பதுதான் அதற்குப் பொருள். முடித்தலுக்கு நம் வழக்கிலேயே இந்தப் பொருள் இருக்கிறது, நான் புதிதாக ஏற்றவில்லை. பார்த்தலும் அப்படித்தான். பெண் பார்ப்பதும் வீடு பார்ப்பதும் இன்னும் கதவு சாத்தாத நிலை. கடைசி இரவில் கட்டுரை எழுதுகிறவர் நிறைவேற்றுகிறார், ஆனால் அந்த இரவு வரைக்கும் தலைப்பை முடிக்கவில்லை.

‘நோக்கல்’ வேண்டாம் ஐயா. நோக்கம் பக்கத்திலேயே நிற்கிறது. நோக்கமே இல்லாதவர் என்று திட்டு வாங்குகிறவருக்கு நோக்கல் நாட்டம் என்று பெயர் வைத்தால் வகுப்பே சிரிக்கும்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். நான்கு இரட்டைகளிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துச் சோதனை தரும் நான்கெழுத்துக் குறியீட்டை ஐ.எஸ்.டி.ஜே. (கடைசி ‘ஜே’ ஜட்ஜிங்) என்றே விடுவதா, கடைசி எழுத்தை ‘மு’, ‘பா’ என்று மாற்றுவதா? மாற்றினால் மற்ற மூன்று இரட்டைகளுக்கும் எழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்கிறேன், வியாழனுக்குள் சொல்லுங்கள்.