கேன்வாஸில் வளையத் தையல்: இறுக்குவதும் தொங்கவிடுவதும்

அம்மாப்பேட்டை, சேலத்திலிருந்து:

துளை துளையாக நெய்த கேன்வாஸ் துணியில் டர்க்கி ஒர்க் என்னும் வளையத் தையலைப் போட விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வளையங்களை எப்படி ஒரே உயரத்தில் நிறுத்துவது என்பதைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏற்காட்டில் எங்கள் உறவுக்கார அத்தை ஒருவர் இந்தத் தையலைப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, என் கவனம் வளையத்திலிருந்து அதன் அடியில் மறைந்து கிடக்கும் இறுக்குத் தையலுக்குத் திரும்பியது.

அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்தது காபித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரமொன்றின் அடிப்பகுதி. மரப்பட்டையையும், அதில் ஏறும் மிளகுக் கொடியையும், பின்னணியையும் முன்பே முடித்துவிட்டு, தூரில் படர்ந்த பாசிக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். வளையங்கள் எழும்பிவிட்டால் அவற்றின் ஓரத்தில் வேறு தையலுக்கு ஊசியை நுழைப்பது பெரும்பாடு. நூல் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஆகவே, படத்தில் எது முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும், வளையத் தையல் கடைசியாகத்தான் வர வேண்டும்.

தையலின் போக்கு இதுதான். நூலில் முடிச்சுப் போடுவதில்லை. முனை மழுங்கிய ஊசியைக் கேன்வாஸின் மேல்புறத்திலிருந்தே ஒரு துளையில் இறக்கி, இடப்பக்கம் ஓர் இழை தள்ளி மேலே எடுக்க வேண்டும். நூலின் வால் மேல்புறத்திலேயே நிற்கும், பிறகு அது வளையங்களோடு கலந்துவிடும். அடுத்து நூலை ஊசிக்கு மேலே, அடுத்த வரிசை வரும் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, முதல் துளைக்கு வலப்பக்கம் ஓர் இழை தள்ளிக் குத்தி, அந்த முதல் துளையிலேயே ஊசியை வெளியே எடுத்து நன்றாக இழுத்துவிட வேண்டும். இது இறுக்குத் தையல். அதன்பின் நூலை ஊசிக்குக் கீழே, நம்மை நோக்கித் தொங்கவிட்டு, இன்னும் ஓர் இழை வலப்பக்கம் தள்ளிக் குத்தி முந்தைய துளையில் எடுத்தால், முழுவதும் இழுக்காமல் விட்ட நூல் வளையமாக நிற்கும். இப்படி ஒன்று இறுக்கம், ஒன்று வளையம் என்று மாறி மாறி வரிசை நகரும். வரிசை முடிந்ததும் நூலை வெட்டிவிட்டு, மீண்டும் இடது ஓரத்திலிருந்து, அதற்கு மேல் வரிசையில் தொடங்க வேண்டும். கீழிருந்து மேலாகப் போட்டால்தான் ஏற்கெனவே போட்ட வளையங்கள் கீழ்நோக்கித் தொங்கி வழிவிடும்.

அத்தை வளையத்தின் அளவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னும் ஊசியை வைத்துக்கொண்டிருந்தார். வளையம் வரும் இடத்தில் நூலை அந்த ஊசிக்கு அடியாகச் சுற்றி விடுவார். நாலைந்து வளையம் சேர்ந்ததும் உருவிவிடுவார். அளவு பிசகவே பிசகாது. ஆனால் என்னை ஊசி பிடிக்கச் சொன்னபோது அவர் அந்தப் பின்னல் ஊசியைத் தரவில்லை. "கண்ணு, இறுக்கறதை இறுக்கு, தொங்கறதைத் தொங்க விடு. முதல்ல இறுக்கறது கைக்கு வரட்டும், வளையம் தானா வரும்" என்றார். அவர் போட்ட ஒரு வளையத்தை நகத்தால் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். பக்கத்து வளையம் அசையவில்லை. நம் வீட்டுத் தேங்காய்ப்பூத் துண்டில் ஒரு வளையம் வளையலில் மாட்டினால் நீளமாக உருவிக்கொண்டு வந்துவிடுமே, அது இங்கே நடக்காது. ஒவ்வொரு வளையத்துக்கும் இருபுறமும் ஒரு பூட்டு விழுந்திருக்கிறது. அந்தப் பூட்டு இருப்பதனால்தான் வளையங்களைக் கத்தரித்து வெல்வெட் போல ஆக்கினாலும் நூல் உதிர்வதில்லை.

துருக்கிக் கைமுடிச்சுக் கம்பளத்தின் முடிச்சும் இதே அமைப்புதான். துருக்கியின் மேற்குப் பகுதியிலுள்ள கியோர்தெஸ் என்ற ஊரின் பெயரால் அது கியோர்தெஸ் முடிச்சு எனப்படுகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் துருக்கிக் கம்பளங்களைப் பார்த்து நாற்காலி இருக்கைகளுக்கும் திண்டுகளுக்கும் இதைச் செய்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது பவானி ஜமக்காளம். அது தட்டையான நெசவு. பட்டும் பருத்தியும் நெய்கிற இந்தப் பேட்டையில் வளர்ந்த எனக்கு, துணியிலிருந்து நூல் எழுந்து நிற்பதே புதுமையாக இருந்தது.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைவீதியில் எளிதாகக் கிடைக்கும் ஸ்வெட்டர் உல்லன் நூல் இழுத்தால் நீளும். இறுக்கும்போது நீண்டு, பிறகு சுருங்கி, பூட்டைத் தளர்த்திவிடும். கேன்வாஸ் தையலுக்கென்றே வரும், நீளாத டேப்ஸ்ட்ரி கம்பளி கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஆங்கர் பருத்தி நூலை ஆறு இழையும் சேர்த்து, அங்குலத்துக்கு 14 துளை உள்ள 14 எண் கேன்வாஸில் போடலாம். அதற்கு 20ஆம் எண் டேப்ஸ்ட்ரி ஊசி பொருந்தும். கம்பளியானால் முழ நீளத்துக்கு மேல் வேண்டாம். துளை வழியே போய்ப்போய் நூல் தேய்ந்து இளைத்துவிடும்.

வெட்டுவதா, வளையமாகவே விடுவதா என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பருத்தி நூலை வெட்டினால் அது கம்பளி அளவுக்குப் பஞ்சாக விரிவதில்லை; அதை வளையமாகவே விட்டுவிடலாம். கம்பளி வெட்டுக்கென்றே பிறந்தது. அத்தை பாசியின் மேற்பகுதியை வெட்டி, கீழ்ப்பகுதியை வளையமாகவே விட்டார். வெட்டிய இடம் கறுத்த பச்சையாகவும், வெட்டாத இடம் வெளிறியும் தெரிந்தது. இரண்டும் ஒரே நூல்தான்.

ஏற்காட்டிலிருந்து:

மேலே அம்மாப்பேட்டைக்காரர் எழுதியதோடு நான் சேர்க்க விரும்புவது எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றி. கேன்வாஸின் விறைப்பு கஞ்சியால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்போது அந்தக் கஞ்சி இளகி, இழைகள் நகரத் தொடங்கும். அப்போது இறுக்குத் தையலை எவ்வளவு இழுத்தாலும் துணிதான் சுருங்குகிறது. அந்த மாதங்களில் நான் கேன்வாஸை மரச்சட்டத்தில் அடித்துப் பொருத்தாமல் இந்தத் தையலைத் தொடுவதில்லை. சட்டத்தில் இருந்தால் ஊசியை ஒரே வீச்சில் குத்தி எடுக்க முடியாது, மேலும் கீழுமாக இரண்டு அசைவு ஆகும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். முடித்த பிறகு இஸ்திரிப் பெட்டியை வளையத்தின் மேல் வைக்கக் கூடாது. அந்தத் தேங்காய்ப்பூத் துண்டையே விரித்து, தைத்த முகத்தை அதன்மேல் கவிழ்த்து, பின்புறம் ஆவி மட்டும் காட்டினால் போதும்.

செவ்வாய்ப்பேட்டை, சேலத்திலிருந்து:

தைத்து முடித்த படத்தைச் சுவரில் மாட்டச் சட்டம் போடும்போது கண்ணாடியை நேரே வைத்தால் வளையங்கள் நசுங்கிவிடும். நான் கொடுத்த கடைக்காரர் கண்ணாடியே வேண்டாம் என்றார். எங்கள் தெருப் புழுதிக்கு அது ஒத்துவராது என்று சொன்னேன். கண்ணாடிக்கும் கேன்வாஸுக்கும் இடையில் நான்கு ஓரமும் அரை அங்குல மரப்பட்டி வைத்துக் கொடுத்தார். பட்டியின் உட்புறத்துக்கும் சட்டத்தின் நிறத்தையே அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறும் மரம் பக்கவாட்டில் தெரியும்.