வாயுப்பிடிப்பு என்று நினைத்தோம், நுரையீரல் சுருங்கியிருந்தது

மன்னார்குடியிலிருந்து:
குறுவை அறுவடை முடிந்த வாரம். தம்பிக்கு 22 வயது, பனைமரம் மாதிரி உயரம், ஒல்லி. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தவன் வலது மார்பில் குத்துகிறது என்றான். மூட்டை தூக்கியதில் வாயுப்பிடிப்பு என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க முதுகில் தைலம். காலையில் அவனால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் வெறும் கறுப்பு. நுரையீரல் கைப்பிடி அளவுக்குச் சுருண்டு கிடந்தது. அதன் உச்சியில் இருந்த கொப்புளம் உடைந்து, காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கிவிட்டதாம். உயரமான ஒல்லிப் பையன்களுக்கு இப்படி வரும், சிகரெட் பிடித்தால் இன்னும் அதிகம் என்று டாக்டர் சொன்னதும் இவன் ஜன்னலைப் பார்த்தான். சரி, புரிந்துவிட்டது.

மரத்துப்போக ஊசி போட்டு, அக்குளுக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் ட்யூப் விட்டார்கள். மறுமுனை தண்ணீர் பாட்டிலில். ஐந்து நாள் அந்த பாட்டில்தான் எனக்கு டிவி. இருமினால் குமிழி வரும். மூச்சுக்கு மூச்சு ட்யூபில் தண்ணீர் ஏறி இறங்கும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக வந்த வார்டு பையன் அதைத் தூக்கி இவன் மடியில் வைத்து, ட்யூபையும் கிளிப் போட்டு அடைத்துவிட்டான். குமிழி வருகிற ட்யூபை அடைத்தால் உள்ளே காற்று சேர்ந்து இதயத்தையே நெருக்கும் என்று டாக்டர் அவனைத் திட்டியபோதுதான் எனக்குத் தெரியும். துணைக்கு இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து:
என் மச்சானுக்கு ட்யூபே போடவில்லை. காற்று கொஞ்சம்தான், மூச்சுத் திணறலும் இல்லை. ஆக்சிஜன் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொண்டது. வாராவாரம் எக்ஸ்ரே மட்டும். "ஒண்ணுமே செய்யாத டாக்டர்" என்று என் மாமியாருக்கு இன்னும் குறை.

கும்பகோணத்திலிருந்து:
எனக்கு இரண்டாம் தடவையும் வந்தது. சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருமாம். சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, கொப்புளத்தை வெட்டியெடுத்து, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். இருமினால் உயிர் போகிற வலி. துபாய் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன்; எக்ஸ்ரே முழுதாகச் சரியாகாமல் விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள்.

மன்னார்குடியிலிருந்து:
அண்ணே, மூட்டை தூக்கலாமா என்று தம்பி கேட்கிறான்.

கும்பகோணத்திலிருந்து:
என்னை ஆறு வாரம் தூக்க விடவில்லை. அவனுடைய டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். சிகரெட்டை விட்டானா?