டெஃபிஷியன்ஸி 'குறைபாடு'ன்னா இன்சஃபிஷியன்ஸிக்கு என்ன சொல்றது?

வணக்கம். வைட்டமின் டி ரிப்போர்ட்ல வர்ற இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தைக்கும் சேத்து தமிழ்ல 'குறைபாடு'ன்னே வச்சுக்கலாம்னு சார் எழுதியிருந்தீங்க, என்னால ஒத்துக்க முடியல.

போன மாசம் அம்மாவுக்கு முட்டிவலின்னு மயிலாப்பூர்ல ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம். 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அதாவது ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவுன்னு காட்டற அளவு, மில்லிக்கு 24 நானோகிராம்னு வந்துச்சு. எண்ணுக்கு பக்கத்துல கறுப்பா 'எல்'னு (லோ, கம்மின்னு அர்த்தம்) ஒரு எழுத்து, கீழ பொடி எழுத்துல ஒரு கட்டம்: 20க்கு கீழ டெஃபிஷியன்ஸி, 20லேர்ந்து 30 வரைக்கும் இன்சஃபிஷியன்ஸி. நான் "குறைபாடு இருக்கும்மா"ன்னுட்டேன், அவங்க முகமே சுண்டிப்போச்சு. நம்ம காதுல குறைபாடுன்னா பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அதாவது உடம்புல எதோ பழுதாயிட்ட மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கேட்டாங்க, "டி இல்லவே இல்லியா, இல்ல பத்தலியா?"

அந்த 'பத்தல'தாங்க நமக்கு வேணும். சாம்பார்ல உப்பு இல்லங்கறது வேற, உப்பு பத்தலங்கறது வேற, அடுப்பங்கரையில யாருக்கும் இதுல குழப்பமே வராது. பத்தலன்னா பற்றவில்லை, பற்றாக்குறையும் அதுலேர்ந்துதான் வருது. ஆனா பற்றாக்குறைய அப்படியே எடுத்தா சிக்கல், நிதிப் பற்றாக்குறைன்னு டெஃபிசிட்டுக்கே போட்டாச்சு, பேப்பர்காரங்க வைட்டமின் விஷயத்துல ரெண்டு நிலைக்கும் அதையே எழுதறாங்க. அதனால என் யோசனை: 20க்கு கீழ குறைபாடு, 20-30 பற்றாநிலை.

'பற்றற்ற நிலை' மாதிரி துறவு வாசனை அடிக்குதேன்னு கேப்பீங்க. நியாயம்தான், நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். ஆனா 'வைட்டமின் டி பற்றாநிலை'ன்னு சேந்து வரும்போது யாரும் அப்படி படிக்க மாட்டாங்க.

2011ல இந்த எல்லைக்கோட்ட போட்ட எண்டோகிரைன் சொசைட்டியே (ஹார்மோன் டாக்டர்களோட சங்கம்) 2024ல அத கைவிட்டுடுச்சு, அது எனக்கும் தெரியும். ஆனா ரிப்போர்ட்ல அந்த கட்டம் இன்னும் அச்சாகி வருது, அத படிச்சு சொல்ல வார்த்தை வேணுமே.

ஒண்ணு மட்டும், வைட்டமின் பி12க்கு இந்த 'பற்றாநிலை'ய இழுக்காதீங்க. அங்க மில்லிக்கு 200லேர்ந்து 300 பிகோகிராம் வரைக்கும் பார்டர்லைன்னு போடறாங்க, அது பத்தலன்னு முடிவு பண்ணது இல்ல, சந்தேகம், மெத்தில்மலோனிக் ஆசிட் (பி12 பத்தலன்னா ரத்தத்துல ஏறற ஒரு பொருள்) பாத்து உறுதி பண்ணிக்கற இடம். அதுக்கு 'ஐய எல்லை' சரியா வருமா, சொல்லுங்க.