விவாதம்: இணையம் எட்டாதவர்களுக்கு உதவுவது ஊராட்சியின் வேலையா?

முன்னாள் வார்டு உறுப்பினர்
பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க டவுன் இ-சேவை மையத்துக்குப் போனார். ஓடிபி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனின் போனுக்குப் போயிற்று. அவன் ஷிப்டில் இருந்தான். வெளியே வந்து பார்ப்பதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மூன்று நாள் இதே கதை. பெண்களுக்குப் பஸ் இலவசம்தான். போன மூன்று நாள் கூலியை யார் தருவார்கள்?

இது ஊராட்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்பது என் கட்சி. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிக்குரிய 29 பொருள்களில் முதியோர் கல்வியும் நூலகமும் இருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி இதைச் செய்தே காட்டியது. மாணவர்களும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்களும் வீட்டு வாசலிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் உட்கார்ந்து போனைக் கையாளச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. பிறகு அதையே கேரளம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

மூலைக்கடை இ-சேவை
அக்கா, சான்றிதழுக்கு 60 ரூபாய் வாங்குகிறவன் என்பதால் என்னை எதிர்க்கட்சியாக நினைத்துவிடாதீர்கள். ஆனால் கேரளத்தை இங்கே இழுக்காதீர்கள். அங்கே 1996 முதல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குப் பிரித்துக் கொடுத்துப் பழக்கினார்கள். நம் ஊராட்சிக்கு என்ன வருகிறது? மத்திய அரசின் 15ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போட்டது. மீதி 40இல் யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. இருப்பது ஓர் ஊராட்சிச் செயலர். வரி ரசீதும் அவர்தான், மோட்டார் காயில் எரிந்தால் மெக்கானிக்கைத் தேடுவதும் அவர்தான்.

2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு என்ன செய்தார்கள்? ரேஷன் கடைக்காரர் விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். முகாமில் தன்னார்வலர்கள் பதிவு செய்தார்கள். போனே தொடாத பெண்கள் உட்பட ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போயிற்று. மாநில அரசு நினைத்தால் முடியும். பெரியம்மாவுக்குக் கணினி கற்றுக்கொடுப்பதைவிட அவரிடம் ஓடிபி கேட்காமல் இருப்பது சுலபம்.

கரும்பலகை
கடைசி வரிக்கு என் ஓட்டு. ஊராட்சி அளவிலேயே நடந்த கூத்து ஒன்று. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலை வருகைப்பதிவைச் செயலியில் போட வேண்டும் என்றார்கள். ஒரு நாளுக்கு இரண்டு முறை போட்டோ. எங்கள் ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது. பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதகு மேல் ஏறி நிற்பார். கீழே முப்பது பெண்கள் மண்வெட்டியோடு வெயிலில் வரிசையாக நிற்பார்கள். வேலை செய்ததற்குச் சாட்சி அந்தப் படம்தான், வெட்டிய மண் அல்ல.

முன்னாள் வார்டு உறுப்பினர்
தம்பி, முகாம் நல்ல முகாம்தான். பந்தலைப் பிரித்த மறுநாள் சந்தேகம் கேட்க யாரிடம் போவது? வங்கியிலிருந்து பிடித்தம் என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தால் அதைப் படித்துக்காட்ட ஆள் யார்? என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள், இன்றைக்கும். ஊரில் என்றைக்கும் இருப்பது ஊராட்சி ஒன்றுதான்.

கட்டடமும் இருக்கிறது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டை.

மூலைக்கடை இ-சேவை
ஊராட்சி என்றைக்கும் இருக்கிறதா அக்கா? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் வைத்தார்களா? தலைவர், உறுப்பினர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். நீங்களே பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்
அது குத்துகிறது. ஆனால் அது தேர்தல் வைக்காதவர்கள் மேல் உள்ள குற்றம், ஊராட்சி மேல் அல்ல.

கரும்பலகை
இருவரும் கோபிக்காதீர்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அந்த நூலகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைக்கிறேன். கற்றுக்கொடுக்க அல்ல, கூட இருந்து செய்துகொடுக்க. ஆனால் யாருடைய பின் நம்பரையும் பிள்ளைகள் கேட்கக் கூடாது. பணப் பரிமாற்றத்தைத் தொடவே கூடாது. அதற்குப் பெரியவர் ஒருவர் மேற்பார்வை வேண்டும்.

மூலைக்கடை இ-சேவை
சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்குக் கடை ஓடாது. வருகிறேன். ஊராட்சியால் முடியும் என்று நான் ஒப்புக்கொண்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள் அக்கா. அங்கே கரண்ட் இருக்கிறதா?

முன்னாள் வார்டு உறுப்பினர்
மீட்டர் இருக்கிறது. பல்பு இல்லை. சாவி செயலரிடம், நாளை காலை கேட்கிறேன்.