ஆட்டிசம் ஆய்வும் புறநோயாளிப் பிரிவும்: மைக்கேல் ரட்டரை முன்வைத்து ஒரு கேள்வி

கேள்வி – முதுநிலை மாணவி:

எம்.டி. மனநல மருத்துவம் படித்து வருகிறேன். முடித்தபின் குழந்தைகள் மனநலத்தில் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பில் சேர்ந்து, ஆட்டிசம் ஆய்வில் ஈடுபட விரும்புகிறேன். நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு ஆய்வும் செய்வது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடும் என்று மூத்தவர்கள் எச்சரிக்கிறார்கள். லண்டனில் குழந்தைகள் மனநல மருத்துவரும் ஆட்டிசம் ஆய்வாளருமான மைக்கேல் ரட்டர் இரண்டையும் எவ்வாறு நடத்தினார்? மேலும், 21 இரட்டையர் ஜோடிகளை மட்டுமே கொண்ட அவருடைய 1977ஆம் ஆண்டு ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

பதில் 1 – குழந்தைகள் மனநல மருத்துவர்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 1960களில் ரட்டரே ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கில்லை என்று கருதியவர்தான். உடன்பிறந்தோரில் 2 விழுக்காட்டினரிடம் மட்டுமே அது காணப்பட்டது என்பதே காரணம். ஆனால் அன்றைய கணக்கின்படி பொதுவாக 10,000 குழந்தைகளில் நான்கைந்து பேருக்கே ஆட்டிசம் இருந்தது. அதனோடு வைத்துப் பார்த்தால் அந்த 2 விழுக்காடு நாற்பது முதல் ஐம்பது மடங்கு. இதை உணர்ந்த பிறகே அவர் மனநல மருத்துவர் சூசன் ஃபோல்ஸ்டீனுடன் சேர்ந்து இரட்டையரைத் தேடினார். ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையர் 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற உடன்பிறந்தோரைப் போலவே மரபணுக்களைப் பகிரும் இருகரு இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆயினும், எவ்வகை இரட்டையர் என்ற தகவலை நீக்கிய குறிப்புகளைக் கொண்டே நோயறிதல் செய்யப்பட்டதால், முன்முடிவு புகுவதற்கு இடம் குறைவாக இருந்தது. தாயின் பாசக்குறைவே காரணம் என்ற பழி இன்னும் மறையாத அந்தக் காலத்தில், மரபணுக்களுக்குப் பங்குண்டு என்று இந்த ஆய்வு காட்டியது. 1995இல் வெளியான, கூடுதல் ஜோடிகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்விலும் முடிவு அதே திசையில், இன்னும் வலுவாக வந்தது.

இனி முதல் கேள்வி. ரட்டருக்குப் புறநோயாளிப் பிரிவே ஆய்வுக்கூடமாகவும் இருந்தது என்பேன். அவரும் ஆன் லெ கூட்டூரும் கேத்தரின் லார்டும் உருவாக்கிய, ஆட்டிசத்தைக் கண்டறியப் பெற்றோரிடம் நடத்தும் ஏ.டி.ஐ. நேர்காணலையே பாருங்கள். "மற்ற பிள்ளைகளோடு பழகுவானா?" என்று தாயிடம் கேட்டால், "பழகுவான் டாக்டர்" என்று பதில் வரும், அதனால் எந்தப் பயனும் இல்லை. நான்கைந்து வயதில் வேறொரு பிள்ளை அருகில் வந்தபோது அவன் என்ன செய்தான் என்று நிகழ்ச்சியாகச் சொல்லவைத்து, அதை மதிப்பிடும் பொறுப்பை நேர்காண்பவரே ஏற்கிறார். நோயாளிகளோடு நெடுங்காலம் பேசிப் பழகாதவர் இப்படியொரு கருவியைச் செய்திருக்க முடியாது. (குழந்தைகள் மனநலத்துக்குச் செல்லும்படி ரட்டரிடம் சொன்ன அவருடைய பேராசிரியர் ஆப்ரி லூயிஸ், அதில் முறையான பயிற்சி எதையும் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம், டி.எம். சேருங்கள்.)

பதில் 2 – சமூக மருத்துவத் துறை ஆசிரியர்:

எனக்குச் சற்று மாற்றுக்கருத்து உண்டு. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் பார்த்தால், வராதவர்கள் கணக்கிலேயே சேரமாட்டார்கள். ஆட்டிசம் ஆய்வாளர்களான லோர்னா விங்கும் ஜூடித் கோல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆட்டிசத்தை 1943இல் விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர் வரையறுத்தபடியான ஆட்டிசம் 10,000க்கு 5 பேரிடம்தான் இருந்தது. சமூக உறவாடலில் குறைபாடு உடையவர்களோ 20 பேருக்கு மேல். ஆட்டிசத்தை இன்று லேசானது முதல் தீவிரமானது வரை பரந்த ஒரு நிறமாலையாக (spectrum) பார்ப்பதற்கு அடித்தளம் அந்த இடைவெளிதான். ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய் விங். 1962இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய பிரிட்டிஷ் ஆட்டிசம் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

பதில் 3 – குழந்தைகள் மனநல மருத்துவர்:

ஆசிரியர் சொல்வது சரியே. ரட்டரும் 1960களில் இங்கிலாந்தின் வைட் தீவில் பள்ளிக் குழந்தைகளிடையே அத்தகைய கள ஆய்வை நடத்தியவர்தான். மாணவிக்கு ஒரு யோசனை: மாற்றுத்திறன் சான்றிதழுக்காக உங்கள் பிரிவில் ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும், 40 கூறுகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்தியப் படிவம் நிரப்பப்படுகிறது அல்லவா? ஒரே குழந்தையை இரு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டால், எந்தக் கூறுகளில் ஒத்துப்போகிறார்கள் என்பது நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மட்டும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் தாமதமாகும்.